அவருக்குச் சம்மதம்தான்

நான் எழுதிய ஒரு கட்டுரையால் ஒரு மனிதருக்கு வேலை போனது. அவர் மீது குற்றம் எதுவும் இல்லை. அவர் என்னை நம்பினார். நான் அவரைக் காட்டிக்கொடுத்தேன். வெளிநாட்டு விமான இதழில் என் பெயர் அச்சாக வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான் காரணம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

ராயப்பேட்டையில் வளர்ந்தவன் நான். பைலட் என்ற பெயரில் தியேட்டரே இருந்த பேட்டை. நிஜ பைலட் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்தே விமானப் பைத்தியம். பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் பழைய ஆங்கில விமான இதழ்கள் கிடைத்தால் விடமாட்டேன். 1909 முதல் பிரிட்டனில் வந்துகொண்டிருந்த 'ஃபிளைட்' இதழின் பழைய பிரதி ஒன்று சிக்கினால் அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை திரிசூலத்தில் இறங்கி, எதிரே இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வயிற்றுப்பாட்டுக்கு விளம்பரக் கம்பெனியில் ஆங்கில வாசகம் எழுதினேன். சோப்புக்கும் சிமெண்டுக்கும் எழுதுகிறவன், விமானத்துக்கு ஏன் எழுதக்கூடாது? அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் கட்டுரை சுலபமாக அமைந்தது. 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் கூட்டம் கூட்டி விமானம் பறக்கவிட்டவர் ஜகோமோ டி ஆஞ்சலிஸ். கார்சிகாத் தீவுக்காரர். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். சிம்ப்சன் கம்பெனியில் விமானத்தைச் செய்யச்சொல்லி வாங்கியவர். 2010இல் அதற்கு நூறு வருடம் ஆனது. ஓர் இந்திய இதழ் அதை வாங்கிப் போட்டது. பணம் தாமதமாக வந்தது. பரவாயில்லை, வந்தது. எப்போதோ இறந்துபோன ஓட்டல்காரரைப் பற்றி எழுதினேன். நான் என்ன எழுதினாலும் அவருக்கு வேலை போகப்போவதில்லை. அந்தச் சௌகரியம் அப்போது எனக்குப் புரியவில்லை.

அதே வருடம் மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். அந்த வாரமே நான் வெளிநாட்டு இதழ்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இந்தியாவிலிருந்து எழுத ஆள் வேண்டுமானால் நான் இருக்கிறேன் என்று. இறந்தவர்களை வீட்டுக்காரர்கள் இன்னும் அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாய்ப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதையும் சொல்லியாக வேண்டும். பின்னால் செய்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஓர் ஆசிரியர் பதில் போட்டார். விபத்துச் செய்தி எழுத எங்களிடம் ஆள் இருக்கிறது, உங்களுக்கு உள்ளே யாரைத் தெரியும் என்று கேட்டார். நிறையப் பேரைத் தெரியும் என்று எழுதினேன். ஒருவரையும் தெரியாது. நம் எழுத்தாளர் சுஜாதா சிவில் ஏவியேஷனில் உத்தியோகம் பார்த்தவர். விமான நிலையத்தை உள்ளிருந்து பார்த்தவர். என்னிடம் இருந்தது வேலிக்கு வெளியே நின்று பார்த்த அறிவு. அதை உள் அறிவு என்று விற்றேன். விற்றுவிட்டதால் சரக்கைத் தேட வேண்டியதாயிற்று.

அவர் அப்படித்தான் கிடைத்தார்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து காலையில் அங்கே நிற்பார். என் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். விமானப்படையில் சேர்ந்து தாம்பரத்தில் பயிற்சி எடுத்தவர். ஓய்வு பெற்றபின் லைசென்ஸ் வாங்கி, ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

எனக்கு அவர் பாடம் எடுத்தார். இலவசமாக. பெரு நாட்டு விபத்தை அவர் சொல்லித்தான் கேட்டேன். 1996 அக்டோபர் 2. லிமாவிலிருந்து கிளம்பிய போயிங் 757. விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தம் அளக்கும் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். உயரம் காட்டும் கருவி பொய் சொன்னது. வேகம் காட்டும் கருவியும் பொய் சொன்னது. இருட்டில், கடலுக்கு மேல், விமானிகளுக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. 70 பேர் போனார்கள். "ஒரு டேப்பு தம்பி" என்றார். "அதனாலதான் நாங்க எண்ணுறோம்."

அவர் எண்ணும் விதம் அலாதி. ஷிஃப்ட் முடியும்போது கருவிப் பெட்டியைத் திறந்து வைப்பார். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஸ்குரூடிரைவருக்கும் அதனதன் வடிவத்தில் வெட்டிய பள்ளம் இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டு, வாய்விட்டு எண்ணுவார். லாபம், ரெண்டு, மூணு என்று. அவர் அப்பா களத்தில் மரக்காலால் நெல் அளந்தவர். ஒன்று என்று சொல்லமாட்டாராம். மகனும் சொல்லமாட்டார். ஹேங்கரில் சின்னப் பையன்கள் அவரைப் போலவே எண்ணிக் கிண்டல் செய்வார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒருநாள் கண்ணாடிக் கதையைச் சொன்னார். நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி. கை எட்டாத, கண் எட்டாத இடுக்குகளைப் பார்க்க உதவும். ஓர் இரவு வேலை முடிந்து எண்ணியபோது அது இல்லை. அவர் பொறுப்பில் இருந்த பெட்டி. உடனே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். மூடிய பேனல்களைத் திரும்பத் திறந்தார்கள். இறக்கைக்குள், ஃபிளாப்பை இயக்கும் பாகங்களுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. எடுத்தார்கள். பிறகுதான் கையெழுத்துப் போட்டு விமானத்தை விட்டார்கள். விமானம் தாமதமாகக் கிளம்பியது. அவருக்குத் திட்டு விழுந்தது. ஆனால் பதிவேட்டில் ஒழுங்காக ஏறியது. "மறந்தது தப்புதான். சொல்லாம விட்டிருந்தா அது பாவம்" என்றார்.

இது நல்ல கதை. ஒரு பாதுகாப்பு முறை எப்படி வேலை செய்ய வேண்டுமோ அப்படி வேலை செய்த கதை. அவர் பெருமையாகச் சொன்னார். நான் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"பேரு வராதுல்ல?"

"வராதுண்ணே."

"பேரு மட்டுமில்ல தம்பி. ஆளு தெரியாம பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். நல்ல கதைக்கு ஆசிரியரிடம் மதிப்பு இருக்காது என்று எனக்குத் தோன்றியது. பயம் இருந்தால்தான் படிப்பார்கள். ஆகவே, இறக்கைக்குள் ஒரு கண்ணாடியோடு சில மணி நேரத்தில் பயணிகளை ஏற்றிப் பறக்கவிருந்த விமானம் என்று ஆரம்பித்தேன். சில மணி நேரம் என்பது உண்மை. கண்ணாடி இருந்ததும் உண்மை. எண்ணி முடிக்காமல் அந்த விமானம் வெளியே போயிருக்கவே முடியாது என்பதை நாலாம் பக்கத்துக்குத் தள்ளினேன். அங்கே வரை வருகிறவர்கள் குறைவு என்று தெரிந்தே தள்ளினேன்.

அடுத்தது, அவருடைய எண்ணும் பழக்கம். லாபம், ரெண்டு, மூணு. நெல் அளந்த அப்பா. இதை விட மனம் வரவில்லை. கட்டுரையிலேயே அதுதான் அழகான இடம். வெளிநாட்டுக்காரர் யாருக்கும் கிடைக்காத விவரம். நான் உள்ளே இருந்து எழுதுகிறேன் என்று காட்டும் முத்திரை. ஆளைக் காட்டிவிடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஹேங்கரில் எல்லோரும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். தெரிந்தும் எழுதினேன்.

ஆசிரியர் என்னைவிடக் கவனமானவர். கட்டுரை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார். எண்ணும் பகுதியைத் தனியாகப் பாராட்டியிருந்தார். கீழே ஒரு கேள்வி: இந்த விவரம் அவரை அடையாளம் காட்டாதா? இது வருவதில் அவருக்குச் சம்மதமா, கேட்டுச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் நின்று சொல்கிறேன். மற்ற தப்புகளுக்கு அனுபவம் போதவில்லை, அவசரம் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். இதற்குச் சாக்கு இல்லை. இரண்டு சந்து தள்ளி அவர் வீடு. அன்று அவருக்கு வார விடுமுறை என்றுகூட எனக்குத் தெரியும். செருப்பை மாட்டினேன். மாடிப்படி வரை வந்தேன். அங்கே ஒரு யோசனை வந்தது. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதை எடுத்துவிட்டால் கட்டுரை சப்பென்று போய்விடும். ஆசிரியர் மொத்தமாக வேண்டாம் என்றாலும் என்பார். கேட்காமல் இருந்தால் அவர் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதினேன். கேட்டுவிட்டேன், அவருக்குச் சம்மதம்தான். அனுப்பினேன். கை நடுங்கவில்லை. தூக்கமும் நன்றாக வந்தது.

இதழ் வந்தது. உறவுக்காரர்களுக்கெல்லாம் காட்டினேன். அவருக்குக் காட்டவில்லை. அதற்கும் அர்த்தம் உண்டு என்பது உங்களுக்குப் புரியும்.

அந்த நிறுவனத்துக்கு விமானம் தரும் வாடிக்கையாளர் ஒருவர் கட்டுரையைப் படித்திருக்கிறார். இது உங்கள் இடமா என்று கேட்டிருக்கிறார். ஹேங்கரில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பக்கங்கள் போயிருக்கின்றன. ஆங்கில எழுத்தில் சாய்த்து அச்சிட்ட 'லாபம்' என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அவரைக் கூப்பிட்டு விசாரித்த அன்று எனக்குப் போன் செய்தார். அவர் பெயர் திரையில் தெரிந்தது. எதற்கு என்று ஊகிக்க முடிந்தது. எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். நான் எந்த மீட்டிங்கிலும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியை மறந்ததற்காக அவரை அனுப்பவில்லை. அதை நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. அனுமதி இல்லாமல் வெளியாளிடம் பேசினார் என்பதுதான் குற்றம். வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்து அது. நீங்களாகவே எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எழுதிக்கொடுத்தார்.

சில நாள் கழித்து டீக்கடையில் மாட்டிக்கொண்டேன். அவர் சத்தம் போடவில்லை. "நான்தான்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு அவங்களக் கேட்டேன். லாபம்னு போட்டிருக்குன்னாங்க" என்றார். பிறகு சொன்னதுதான் இன்றுவரை என்னைக் குத்துகிறது. "நீ கேட்டிருந்தா அதை மட்டும் எடுத்துடுன்னு சொல்லியிருப்பேன். மத்ததெல்லாம் இருக்கட்டும்னுதான் சொல்லியிருப்பேன்."

ஒன்றே ஒன்று செய்யச் சொன்னார். நிறுவனத்துக்கு ஒரு கடிதம். கண்ணாடி காணோம் என்று முதலில் சொன்னது அவர்தான், தன்னை அடையாளம் காட்டக்கூடாது என்று அவர் கேட்டிருந்தார், நான்தான் மீறினேன் என்று எழுத வேண்டும். எழுதினேன். அனுப்பவில்லை. அது ஆசிரியர் கைக்குப் போனால் நான் அவரிடம் பொய் சொன்னது வெளியாகிவிடும். இரண்டாவது கட்டுரைக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அனுப்பிவிட்டாயா என்று அவர் கேட்டபோது அனுப்பியாயிற்று என்றேன். இது இரண்டாவது பொய். முதலாவது ஆசையில் சொன்னது. இது பயத்தில் சொன்னது.

லைசென்ஸ் அவரிடம்தான் இருந்தது. ஆனால் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பத்திரிகையில் பேசியவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் உதிரிபாகக் கடை ஒன்றில் சேர்ந்தார். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட மனிதர், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பேரிங்கும் பிரேக் ஷூவும் எடுத்துக்கொடுத்தார். பெண் படித்துக்கொண்டிருந்த நேரம். அண்ணா சாலைக்குப் போக எனக்கு அந்த ரோடுதான் நேர்வழி. நான் ஒயிட்ஸ் ரோடு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

அவரோடு போயிருந்தால் இது ஒரு குடும்பத்தின் கஷ்டம். அத்தோடு நிற்கவில்லை. அந்த ஹேங்கரில் வேலை பார்த்த ஒரு பையனைப் பிறகு சந்தித்தேன். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. "இப்பல்லாம் யாரும் வாய் தொறக்கறதில்ல சார்" என்றான். "ஏதாவது குறைஞ்சா கடையில வாங்கி வெச்சுடலாம்னு பேசிக்கறாங்க." விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் வாங்கி வைத்தால் பெட்டியில் கணக்குச் சரியாக இருக்கும். காணாமல் போன கருவி எங்கே இருக்கும்?

விமானத் துறை இந்தப் பாடத்தை ரத்தம் கொடுத்துப் படித்தது. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 727 வாஷிங்டன் அருகே இறங்க வந்து, வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. இருந்த 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன் யுனைடெட் விமானம் ஒன்று அதே பாதையில் அதே குழப்பத்தில் தாழ இறங்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் கம்பெனியிடம் சொன்னார்கள். கம்பெனி தன் விமானிகளை மட்டும் எச்சரித்தது. மற்றக் கம்பெனிகளுக்குச் செய்தி போகவில்லை. அதன் பிறகுதான், 1976இல், தப்பையும் ஆபத்தையும் தாமாக முன்வந்து சொல்ல அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று அதை நாசாவிடம் கொடுத்தார்கள். எழுதியவரின் பெயர் இருக்கும் துண்டைக் கிழித்து அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உலகம் முழுக்க விபத்து விசாரணைக்கும் இதே அடிப்படைதான். அடுத்த விபத்தைத் தடுக்க வேண்டும், யார் மீதும் பழி போடுவது விசாரணையின் வேலை இல்லை என்று சர்வதேச விதியே சொல்கிறது.

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தேன். பெயர்த் துண்டைக் கிழித்து அனுப்பும் விவரம் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. லாபம் என்ற சொல் அடுத்த பக்கத்தில் வருகிறது.

பல வருடம் கழித்துத்தான் ஆசிரியருக்கு உண்மையை எழுதினேன். மனச்சாட்சி திடீரென்று விழித்துவிடவில்லை. இளைஞர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். தகவல் தருகிறவரை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். அழகாகப் பதில் சொன்னேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தக் கைதட்டலைத் தாங்க முடியவில்லை. இதழ் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேலை தரவில்லை. சரியான முடிவு. நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தையும் அனுப்பினேன். அவருக்கு அதனால் பிரயோஜனம் இருக்கும் காலம் கடந்துவிட்டது.

அவர் இப்போது ஊரோடு போய்விட்டார். இந்தப் பக்கங்களை எழுதியதும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முழுவதையும் படித்துக் காட்டினேன். கடிதத்தைப் பற்றிச் சொன்ன பொய்யை அங்கேதான் முதல்முறை கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சில இடங்களை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். லாபம் வரும் இடத்தைக் காட்டி, இதையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். இனிமே அதனால போறதுக்கு என்கிட்ட வேலை எதுவும் இல்ல" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. காபி சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

விமானத்தைப் பற்றி எழுத ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரகமும் எண்ணும் இன்ஜினும் புத்தகத்தில் கிடைத்துவிடும். மனிதர்கள் சொல்வது அப்படிக் கிடைப்பதில்லை. யாராவது நம்பிச் சொன்னால், எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். எடு என்றால் எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும். மொத்தமும் வேண்டாம் என்றால் கிழித்துப் போடுங்கள். உங்களுக்கு ஒரு கட்டுரைதான் போகும். உங்களிடம் பேசியவர் மறுநாள் அதே ஷிஃப்டுக்குப் போயாக வேண்டும்.